டிரைவ்வேயை நாமே அகலப்படுத்தலாமா? 1.2 மீட்டர், 400 பிளாக், நாலு வார இறுதி

கோடிங், வேலை, இங்கிலாந்து வாழ்க்கை என்று பேசிக்கிட்டு இருக்கிற இந்த பாட்காஸ்ட்ல இன்னைக்கு கொஞ்சம் மண்வெட்டி எடுக்கப் போறோம். வீட்டு முன்னாடி கார் நிறுத்துற டிரைவ்வே, அதுவும் நம்ம ஊர்ல பேவர் பிளாக்னு சொல்ற கல் பதிச்ச டிரைவ்வே. அதை ஒரு பக்கம் அகலப்படுத்துற வேலையை ஆள் வைக்காம நாமே செய்ய முடியுமா? முடியும்னா எவ்வளவு செலவு, எவ்வளவு நாள், எங்க சறுக்கும்? இதுதான் இன்னைய எபிசோட்.

போன மாசம் இதைப் பத்தி ஒரு வரி சொன்னதுக்கே நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ப்ரோ, பில்டர் மூவாயிரம் பவுண்டு கேக்குறார், இது நியாயமா?" அந்தக் கேள்விக்கு கடைசியில பதில் சொல்றேன். வேலைக்குள்ள என்னென்ன இருக்குன்னு முதல்ல தெரிஞ்சாதான் அந்த மூவாயிரம் நியாயமா இல்லையான்னு உங்களாலயே சொல்ல முடியும்.

ஏன் 1.2 மீட்டர்?

எங்க டிரைவ்வே 2.4 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம். வலது பக்கம் வேலி. இடது பக்கம் புல்வெளி. ஒரு சாதாரண குடும்பக் கார் கண்ணாடியை விட்டுட்டுப் பார்த்தா சுமார் 1.8 மீட்டர் அகலம் இருக்கும். நடுவுல நிறுத்தினா ரெண்டு பக்கமும் 30 சென்டிமீட்டர்தான் மிச்சம். கதவைத் திறந்தா காலை வைக்கிற இடம் புல். இங்க அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் அந்தப் புல் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், சேறு.

நமக்கு அது ஒரு பெரிய விஷயம் இல்ல. ஆனா அப்பா மதுரையில இருந்து ஆறு மாசம் தங்க வரப்போறார். முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆச்சு, இப்பவும் வாக்கர் வச்சுத்தான் நடக்கிறார். பயணி சீட் இடது பக்கம். அதாவது அவர் இறங்குற பக்கம்தான் சேறு. வாக்கரோட நாலு காலும் ஒரே மட்டத்துல நிக்கலைன்னா அவர் விழுவார். டிக்கெட் போட்டாச்சு, கையில அஞ்சு வாரம் இருந்துச்சு.

சரி, எவ்வளவு அகலப்படுத்தணும்? இதுக்கு நான் ஒரு எளிய அளவுகோல் எடுத்துக்கிட்டேன். இங்க மாற்றுத்திறனாளிகள் பார்க்கிங் இடம் பார்த்திருப்பீங்க. சாதாரண இடம் 2.4 மீட்டர் அகலம், அதோட பக்கத்துல மஞ்சள் கோடு போட்ட 1.2 மீட்டர் இடம் சேர்ந்து வரும். கதவை முழுசா திறந்து, சக்கர நாற்காலியோ வாக்கரோ வச்சு, பக்கத்துல இன்னொருத்தர் நின்னு தாங்கிப் பிடிக்க வேண்டிய இடம் அது. நம்மகிட்ட 2.4 ஏற்கெனவே இருக்கு. 1.2 சேர்த்தா போதும். 1.2 பெருக்கல் 6, மொத்தம் 7.2 சதுர மீட்டர்.

தோண்டுறதுக்கு முன்னாடி

முதல்ல சட்டம். இங்கிலாந்துல 2008 அக்டோபர் 1-ல இருந்து ஒரு விதி இருக்கு. வீட்டு முன்பக்கம் தண்ணி உள்ள இறங்காத தளம் 5 சதுர மீட்டருக்கு மேல போட்டா, அந்த மழைத்தண்ணி உங்க இடத்துக்குள்ளேயே புல்வெளிக்கோ பாத்திக்கோ போய் இறங்கணும். அப்படி ஏற்பாடு இல்லைன்னா பிளானிங் பெர்மிஷன் வாங்கணும். தண்ணி இறங்குற வகைத் தளம் போட்டா எந்த அளவா இருந்தாலும் பெர்மிஷன் தேவையில்லை. ஸ்காட்லாந்து, வேல்ஸ்ல இருக்கிறவங்க உங்க ஊர் விதியைத் தனியா பாருங்க.

இந்த விதி ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சா மதிப்பு புரியும். 2007 கோடையில இங்கிலாந்துல பெரிய வெள்ளம். சுமார் 55,000 வீடுகளும் கட்டடங்களும் மூழ்கின. ஹல் மாதிரி ஊர்கள்ல ஆறு கரை உடைச்சு வரலை. மழை பெய்ஞ்ச வேகத்துக்கு சாக்கடை தாங்காம தெருவுலேயே தண்ணி நின்னுச்சு. அதுக்கப்புறம் சர் மைக்கேல் பிட் தலைமையில நடந்த ஆய்வு, வீட்டு முன் தோட்டங்களைக் கல் போட்டு மூடுறதையும் கவனிக்கச் சொன்னது. ஒவ்வொரு வீடும் ஏழு சதுர மீட்டர்தானேன்னு நினைக்கும். தெருவுல நூறு வீடு இருந்தா அது 700 சதுர மீட்டர். சென்னையில ஏரி இருந்த இடத்தைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

நமக்கு 7.2 சதுர மீட்டர், அதனால விதி பொருந்தும். என்கிட்ட ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு, தண்ணி இறங்குற பிளாக். அதுல பிளாக்குகளுக்கு நடுவுல இடைவெளி அதிகம், மணலுக்குப் பதிலா 2-ல இருந்து 6 மி.மீ. பொடி ஜல்லி போடுவாங்க, கீழேயும் தூசு இல்லாத ஜல்லிதான். நல்ல முறை. ஆனா பக்கத்துல இருக்கிற பழைய டிரைவ்வே மணல் மேல நிக்குது. ரெண்டையும் ஒட்டி வச்சா, பழைய பக்கத்து மணல் கொஞ்சம் கொஞ்சமா இந்தப் பக்கத்து ஜல்லி இடுக்குல இறங்கிரும். பழைய பக்கம் பள்ளமாகும், புதுப் பக்கம் அடைச்சுக்கும். அதனால ரெண்டாவது வழி: சாதாரண பிளாக் போட்டு, வாட்டத்தைப் புல்வெளிப் பக்கம் திருப்பி, ஓரத்துல ஒரு பாத்தி.

அடுத்தது கெர்ப். நடைபாதையைத் தாண்டி கார் ஏறுறதுக்கு கல்லைத் தாழ்த்தி வச்சிருப்பாங்க இல்லையா, அந்த இடத்தை அகலப்படுத்தணும்னா கவுன்சில்கிட்ட தனி அனுமதி வேணும். 1980-ம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டத்துல அது இருக்கு. நாமே கல்லைப் பேர்த்து வேலை செய்யக் கூடாது. எனக்கு அது தேவைப்படலை. கார் அதே வழியில நுழையும், அதே இடத்துல நிக்கும். புது 1.2 மீட்டர் ஆள் இறங்கி நடக்கத்தான். ஆனா ரெண்டாவது கார் நிறுத்தணும்னு அகலப்படுத்துறவங்க, கல் பதிக்கிறதுக்கு முன்னாடி கெர்ப் அனுமதி கிடைக்குமான்னு கேளுங்க. கிடைக்கலைன்னா அழகான கல் தரை இருக்கும், ஆனா காரைக் கொண்டு போக முடியாது.

மூணாவது, மண்ணுக்குள்ள என்ன இருக்கு? தண்ணிக் குழாய் விதிப்படி 750 மி.மீ. ஆழத்துல இருக்கணும், நம்ம தோண்டுற ஆழத்துக்கு அது சிக்காது. ஆனா கேஸ் குழாய் அதைவிட மேல வரும். பிராட்பேண்ட் கேபிள் நாலஞ்சு அங்குலத்துலயே படுத்திருக்கும். கேபிள் கண்டுபிடிக்கிற ஸ்கேனர் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும், எடுங்க. கேஸ் மீட்டர், தண்ணி மூடி, பிராட்பேண்ட் பெட்டி எங்கெங்க இருக்குன்னு பார்த்து நடுவுல நேர்கோடு போட்டுப் பாருங்க. அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல கடப்பாறை வேண்டாம், கையால மெதுவா தோண்டுங்க.

பழைய பிளாக்கைத் தூக்கினதும் தெரிஞ்சது

பழைய டிரைவ்வே 90 டிகிரி ஹெரிங்போன். அதாவது ஒரு பிளாக் நீளவாக்கு, அடுத்தது குறுக்குவாக்கு, மீன் முள் மாதிரி ஒண்ணை ஒண்ணு கோத்துக்கிட்டுப் போகும். கார் ஏறுற இடத்துக்கு இந்த டிசைனைத்தான் எல்லாரும் சொல்வாங்க. சக்கரம் பிரேக் போடும்போதும் திரும்பும்போதும் தள்ளுற விசையை ஒரு பிளாக் பக்கத்துல இருக்கிற பிளாக்குக்குக் கொடுத்து, அது இன்னொண்ணுக்குக் கொடுத்து, பரவிப் போயிரும். செங்கல் சுவர் மாதிரி வரிசையா வச்சா நீளவாக்குல நகர ஆரம்பிக்கும்.

ஓரத்துல ஒரு வரிசை பார்டர் பிளாக் இருந்துச்சு. அதை எடுத்துட்டு, பக்கத்துல வெட்டி வச்ச பாதித் துண்டுகளையும் எடுத்துட்டா, ஹெரிங்போன் பல் பல்லா நிக்கும். அந்தப் பல்லுலேயே முழு பிளாக்கைக் கோத்து டிசைனைத் தொடரலாம். ஒட்டின மாதிரியே தெரியாது. இதுதான் திட்டம்.

பார்டரைத் தூக்கினேன். அதுக்கு அடியில நல்ல கான்கிரீட் இருக்கணும். இருந்தது ஒரு கை கலவை, அவ்வளவுதான். பக்கத்து பிளாக் நாலஞ்சைத் தூக்கிப் பார்த்தேன். கீழே 80 மி.மீ. மணல், அதுக்குக் கீழே நேரா மண். ஜல்லி அடித்தளமே இல்லை. எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க காலத்துல யாரோ போட்ட வேலை. மேல பார்க்கிறதுக்கு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, சக்கரத் தடத்தைத் தவிர. ரெண்டு மீட்டர் நேர்ப்பலகையைக் குறுக்க வச்சுப் பார்த்தா ரெண்டு சக்கரத் தடத்துலயும் 12 மி.மீ. பள்ளம்.

இப்ப மூணு வழி. ஒண்ணு, கண்டுக்காம புதுசை ஒட்டுறது. அப்படிச் செஞ்சா புதுப் பகுதி அசையாம நிக்கும், பழைய பகுதி இறங்கிக்கிட்டே போகும். ரெண்டு குளிர்காலம் போனா நடுவுல ஒரு படி வந்திரும். அப்பா வாக்கரைத் தள்ளுற இடத்துல சரியா ஒரு படி. எதுக்காக இந்த வேலையை ஆரம்பிச்சோமோ அதுவே போயிரும். ரெண்டு, முழு டிரைவ்வேயையும் பேர்த்து மறுபடி போடுறது. இன்னும் 14.4 சதுர மீட்டர், அஞ்சு வாரத்துல ஒரு ஆளால முடியாது. மூணாவது வழி, பழையதுல ஒரு பட்டையை மட்டும் தூக்கி, புதுசோட சேர்த்து ஒரே அடித்தளத்துல வைக்கிறது.

எவ்வளவு பட்டை? கார் எங்க நிக்குதோ அதை வச்சுக் கணக்குப் போட்டேன். கார் ஓரத்துல இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி நிக்குது. டயர் அகலம் 20 சென்டிமீட்டர் சொச்சம். அப்ப இடது சக்கரத் தடம் ஓரத்துல இருந்து 30-ல ஆரம்பிச்சு 50, 55 வரைக்கும். 60 சென்டிமீட்டர் தூக்கினா அந்தத் தடம் முழுசா புது அடித்தளத்து மேல வந்திரும். பழசும் புதுசும் சந்திக்கிற கோடு காருக்கு அடியில, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல போயிரும். அங்க யாரும் நடக்கப் போறதில்லை, எடையும் ஏறப் போறதில்லை. சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம்தான்: பழைய கோடை முழுசா திருத்தி எழுத நேரம் இல்லைன்னா, இணைப்பை எங்க வைக்கிறதுன்னாவது சரியா முடிவு பண்ணணும்.

வலது சக்கரத் தடம் அப்படியேதான் இருக்கு. அது அடுத்த கோடை வேலை.

மண்ணும் ஜல்லியும்

ஆழக் கணக்கு ரொம்ப எளிது. பிளாக் 50 மி.மீ., அதுக்குக் கீழே மணல் 40, அதுக்குக் கீழே ஜல்லி 150. மொத்தம் 240 மி.மீ. சாதாரணக் கார் நிக்கிற இடத்துக்கு இது போதும். மண் ரொம்ப இளக்கமா, களிமண்ணா இருந்தா ஜல்லியைக் கூட்டணும். உங்க பழைய பிளாக் 50-ஆ, 60-ஆன்னு ஒண்ணை எடுத்து அளந்துட்டு அதே கனத்துல வாங்குங்க.

மண் கணக்குலதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. புதுப் பகுதி, பழைய பட்டை, ஓரக் கான்கிரீட்டுக்கு ஒரு 15 சென்டிமீட்டர், எல்லாம் சேர்த்து தரைக்குள்ள இருக்கும்போது 2.6 கன மீட்டர். ஆனா தோண்டி எடுத்ததும் மண் உப்பும். ஏறக்குறைய முப்பது சதவீதம் கூடும்னு வச்சுக்கோங்க. அப்ப 3.4 கன மீட்டர். 4 கெஜ ஸ்கிப் 3 கன மீட்டர்தான் கொள்ளும், பத்தாது. 6 கெஜம் 4.6 கொள்ளும். எடை? ஏறத்தாழ நாலரை டன். இதை மண்வெட்டியில அள்ளி, தள்ளுவண்டியில ஏத்தி, பலகை மேல ஓட்டி ஸ்கிப்புல கொட்டணும். ஒரு நண்பர் வந்து கை கொடுத்தார், அப்படியும் ரெண்டு நாள். ஸ்கிப்பை ரோட்டுல வைக்கணும்னா அதுக்கும் பெர்மிட் வேணும், வழக்கமா ஸ்கிப் கொடுக்கிறவங்களே வாங்கித் தருவாங்க.

தோண்டி முடிச்சதும் அடியில ஜியோடெக்ஸ்டைல் துணி விரிச்சேன். ஜல்லி மண்ணுக்குள்ள புதையாம இருக்கவும், களிமண் மேல ஏறி வராம இருக்கவும்தான் அது. அது மேல டைப் 1 ஜல்லி. இது 40 மி.மீ. கல்லுல இருந்து தூசு வரைக்கும் எல்லா அளவும் கலந்த ஜல்லி. பெரிய கல்லுக்கு நடுவுல சின்னது, அதுக்கு நடுவுல தூசுன்னு இறுகிக்கும். நம்ம ஊர்ல ரோடு போட வெட் மிக்ஸ் போடுவாங்களே, அந்த வகை.

150 மி.மீ. ஜல்லியை ஒரே தடவையா கொட்டி மேல வைப்ரேட்டர் பிளேட் ஓட்டினா, மேல் பாதி மட்டும் இறுகும். வாடகைக்குக் கிடைக்கிற சின்ன மெஷினோட அடி அவ்வளவு ஆழம் போகாது. அதனால 75, 75-ஆ ரெண்டு அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் ஆறேழு தடவை ஓட்டணும். மெஷின் போன பிறகு பூட்ஸ் தடம் பதியக் கூடாது. ஜல்லி வறண்டு இருந்தா கொஞ்சம் தண்ணி தெளிங்க, இல்லைன்னா இறுகாது. நம்ம ஊர்ல திமிசு போடும்போது தண்ணி தெளிக்கிறதும் இதுக்குத்தான்.

எனக்கு 3.7 டன் ஜல்லி தேவைப்பட்டுச்சு, ஜம்போ பை அஞ்சு. இறக்குற இடத்தை முன்னாடியே யோசிங்க. லாரிக்காரர் நடைபாதையில வச்சுட்டுப் போயிருவார், ஸ்ட்ரோலர் தள்ளிக்கிட்டு வர்றவங்க ரோட்டுல இறங்க வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டத்துலேயே வாட்டம் வந்திரணும். மணல்ல வாட்டம் கொடுத்துக்கலாம்னு ஜல்லியை மட்டமா விட்டா, மணல் ஒரு பக்கம் 30 மி.மீ., இன்னொரு பக்கம் 60 மி.மீ.ன்னு ஆகி, கனமான பக்கம் அதிகமா இறங்கும். நான் கொடுத்தது 60-க்கு 1. பட்டையும் புதுசும் சேர்ந்து 1.8 மீட்டர், 60-ஆல வகுத்தா 30 மி.மீ. அதாவது காருக்கு அடியில இருக்கிற கோட்டுல இருந்து புல்வெளி ஓரம் வர்றதுக்குள்ள 3 சென்டிமீட்டர் இறங்குது. தண்ணி ஓட இது போதும். வாக்கர் தானா உருளாது, கால்ல சரிவு தெரியாது.

வீட்டுச் சுவரைத் தொடுற இடத்துல இன்னொரு விதி. சுவருக்குள்ள ஈரம் ஏறாம இருக்க ஒரு ஈரத்தடுப்பு அடுக்கு வச்சிருப்பாங்க. தரையோட மேல்மட்டம் அதுக்கு 150 மி.மீ. கீழே இருக்கணும். கல் தரை பார்க்க நல்லா இருக்கணும்னு உயர்த்திக்கிட்டே போனா, கொஞ்ச வருஷத்துல உள்சுவர்ல ஈரம் வரும்.

ஓரம்தான் உயிர்

பேவர் பிளாக் தரையில ஒட்டுற சமாச்சாரமே கிடையாது. பிளாக்குக்கு நடுவுல மணல், கீழே மணல். எல்லாத்தையும் பிடிச்சு வைக்கிறது ஓரம் ஒண்ணுதான். ஓரம் அரை அங்குலம் நகர்ந்தா உள்ள இருக்கிற ஒவ்வொரு இடுக்கும் கொஞ்சம் கொஞ்சம் திறக்கும், மணல் இறங்கும், பிளாக் ஆடும்.

அதனால பார்டர் பிளாக்கை கான்கிரீட்ல வச்சேன். சிமென்ட் 1-க்கு பேலஸ்ட் 6, கெட்டியான கலவை. அடியில 100 மி.மீ., வெளிப்பக்கம் பிளாக்கோட பாதி உயரத்துக்குச் சரிவா அணைப்பு. அணைப்பை மேல் விளிம்பு வரைக்கும் கொண்டு போகாதீங்க. மேல கொஞ்சம் மண் போட இடம் இருந்தாதான் செடி வரும், தண்ணியும் தடங்கல் இல்லாம பாத்திக்குள்ள விழும். நூல் கட்டி, ரசமட்டம் வச்சு ஒவ்வொரு பிளாக்கா ரப்பர் சுத்தியலால தட்டி வைக்கணும். ஆறு மீட்டருக்கு அரை நாள் ஆச்சு. அதுக்கப்புறம் அடுத்த வார இறுதி வரைக்கும் தொடலை. பச்சைக் கான்கிரீட் பக்கத்துல வைப்ரேட்டர் ஓட்டினா உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டுரும்.

பார்டருக்கு அந்தப் பக்கம் 50 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பாத்தி. பிளாக் மட்டத்தைவிடக் கொஞ்சம் தாழ்வா வச்சு, மண்ணோட கூர்மணலும் மட்கின உரமும் கலந்து போட்டேன். தோண்டுறதுக்கு முன்னாடியே ஒரு சின்னக் குழி எடுத்து ஒரு வாளித் தண்ணி ஊத்தி எவ்வளவு நேரத்துல இறங்குதுன்னு பாருங்க. மறுநாள் காலையிலயும் நின்னா இந்த முறை உங்க மண்ணுக்கு ஒத்து வராது. பெரிய உறிஞ்சு குழி எடுக்கலாமேன்னு சிலர் கேப்பீங்க. அதைக் கட்டடத்துல இருந்து 5 மீட்டராவது தள்ளி வைக்கணும்னு விதி இருக்கு. அஸ்திவாரத்துக்குக் கீழே தண்ணியைச் சேர்க்கக் கூடாது இல்லையா, அதுக்குத்தான். எங்க முன்பக்கத்துல அதுக்கு இடமில்லை, பாத்தியே போதும்.

மணல், பிளாக், கடைசி மட்டம்

மணல் கூர்மணல்தான் வேணும், பூச்சு மணல் கூடாது. பூச்சு மணல் மிருதுவா இருக்கும், தண்ணி பட்டா கூழாகிரும். ரெண்டு பைப்பை வாட்டத்தோட பதிச்சு, மட்டப்பலகையால இழுத்துச் சமப்படுத்தணும். சமப்படுத்தின மணல் மேல கால் வைக்காதீங்க, ஏற்கெனவே வச்ச பிளாக் மேல மண்டி போட்டு முன்னால போங்க. மழை வர்ற மாதிரி இருந்தா, அன்னைக்கு முடிக்கக் கூடிய அளவு மட்டும் மணலை இழுங்க.

இங்க ஒரு முக்கியமான எண் இருக்கு. பிளாக் வச்சு வைப்ரேட்டர் ஓட்டினா அது கீழே இறங்கும். எவ்வளவுன்னு மணலோட ஈரம், கனம் பொறுத்து மாறும். அதனால பிளாக்கைப் பழைய மட்டத்துக்குச் சரியா வைக்காம, கொஞ்சம் தூக்கி வைக்கணும். எவ்வளவு தூக்கணும்னு ஊகிக்க வேண்டாம், சோதிச்சுப் பாருங்க. நடுவுல ஒரு சதுர மீட்டர் மட்டும் வச்சு, மெஷின் ஓட்டி, முன்னாடியும் பின்னாடியும் அளந்தேன். 6 மி.மீ. இறங்கிச்சு. அந்த 50 பிளாக்கைத் தூக்கிட்டு, பைப்பை மறுபடி செட் பண்ணி, முழுசையும் 6 மி.மீ. உயர்த்தி வச்சேன். அரை மணி நேர வேலைதான். கடைசியில பழசும் புதுசும் சேர்ற இடத்துல விரலை வச்சுத் தடவினா தெரியாத அளவுக்கு வந்துச்சு.

நிறம் ஒரு பிரச்சனை. பழைய பிளாக் வெளுத்திருக்கும், அதே பெயர்ல அதே நிறம் வாங்கினாலும் புதுசு பளிச்சுனு நிக்கும். பட்டையில இருந்து தூக்கின 180 பிளாக்கைச் சுரண்டி, கழுவி, புது பிளாக்கோட கலந்து, 1.8 மீட்டர் முழுக்கப் பரப்பி வச்சேன். கோடு தெரியாது, கலவையா தெரியும். கலக்கப் பழைய பிளாக் இல்லைன்னா, சேர்ற இடத்துல வேணும்னே வேற நிறத்துல ஒரு வரிசை வச்சிருங்க, டிசைன் மாதிரி ஆயிரும்.

சதுர மீட்டருக்கு 50 பிளாக். 7.2-க்கு 360, வெட்டுற கழிவோட 400 வாங்கினேன். 90 டிகிரி ஹெரிங்போன்ல ஓரத்துக்குப் பெரும்பாலும் சரிபாதித் துண்டுதான் தேவை, அதனால நெம்புகோல் மாதிரி இருக்கிற பிளாக் ஸ்பிளிட்டர் போதும். அறுக்கிற மெஷின் எடுத்தா தண்ணி விட்டுத்தான் அறுக்கணும், எஃப்எஃப்பி3 முகமூடி கட்டாயம். கான்கிரீட் தூசுல இருக்கிற சிலிக்கா நுரையீரல்ல போய்த் தங்கினா திரும்ப வராது. "ரெண்டே ரெண்டு கல்தானே"ன்னு கைக்குட்டை கட்டிக்கிட்டு அறுக்காதீங்க.

கடைசியா, நல்லா உலர்ந்த பொடி மணலை இடுக்குல கூட்டித் தள்ளி, மெஷின் ஓட்டி, மறுபடி தள்ளணும். பிளாக்கும் உலர்ந்து இருக்கணும், ஈரமா இருந்தா மணல் மேலேயே அடைச்சுக்கும். இந்த இடுக்கு மணல்தான் பிளாக்கை ஒண்ணோட ஒண்ணு இறுக்குது. ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா கொஞ்சம் இறங்கியிருக்கும், இன்னொரு பை வாங்கி வச்சுக்கோங்க.

அந்த மூவாயிரம் நியாயமா?

என் செலவு சொல்றேன். ஸ்கிப் 300, ஜல்லி 300, பிளாக் 200, மணல் ரெண்டு வகையும் சேர்த்து 90, சிமென்டும் பேலஸ்டும் 60, துணி 30, மெஷின் வாடகை எல்லாம் 110. மொத்தம் 1,090 பவுண்டு. நாலு வார இறுதி, ரெண்டு பேர் உழைப்பு கொஞ்ச நாள், அதுக்கப்புறம் ஒரு வாரம் முதுகுவலி.

நான் மூணு கொட்டேஷன் வாங்கியிருந்தேன். ஒருத்தர் 1,900 கேட்டார், ஒருத்தர் 2,600, இன்னொருத்தர் 3,200. 1,900 காரர்கிட்ட "எவ்வளவு ஆழம் தோண்டுவீங்க, ஜல்லி எவ்வளவு?"ன்னு கேட்டேன். மணல் போட்டு அடிச்சிருவோம், நல்லாத்தான் நிக்கும்னார். எங்க வீட்டுல ஏற்கெனவே இருந்த அதே வேலை. 3,200 காரர் ஆழம், ஜல்லி, ஓரக் கான்கிரீட், தண்ணி எங்க போகும், எல்லாத்தையும் காகிதத்துல எழுதிக் கொடுத்தார். பொருள் செலவு, நாலரை டன் மண், ரெண்டு ஆள் மூணு நாலு நாள், இன்சூரன்ஸ் எல்லாம் கூட்டிப் பார்த்தா அந்த விலை அநியாயம்னு என்னால சொல்ல முடியலை. விலையைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி அந்த நாலு கேள்வியைக் கேளுங்க. பதில் எழுத்துல வரலைன்னா வேற ஆளைப் பாருங்க.

நாமே செய்யக் கூடாத சந்தர்ப்பமும் இருக்கு. கேஸ் குழாய் குறுக்க போகுது, பக்கத்துல பெரிய மரம் இருக்கு, வாட்டம் பக்கத்து வீட்டுப் பக்கம் மட்டும்தான் கிடைக்குது, இல்ல முதுகுல ஏற்கெனவே பிரச்சனை இருக்கு. இதுல எது இருந்தாலும் ஆளைக் கூப்பிடுங்க.

அப்பா வந்து ரெண்டு மாசம் ஆச்சு. வந்த மறுநாள் வாக்கரை ஓரமா நிறுத்திட்டு, குனிஞ்சு பிளாக்கைத் தட்டிப் பார்த்தார். "ஏப்பா, அடியில ஜல்லி போட்டியா?"ன்னு கேட்டார். "போட்டிருக்கேன்ப்பா, ஆறு அங்குலம்." "அப்ப சரி"ன்னுட்டு உள்ள போயிட்டார். இந்த நவம்பர் மழையில தினமும் இறங்கி ஏறுறார், வாக்கர் எங்கயும் சிக்கலை. தண்ணி பாத்தியில விழுந்து ஒரு மணி நேரத்துல உள்ள இறங்கிருது.

உங்க வீட்டுல இந்த வேலை செய்யணும்னா, இந்த வாரமே ஒண்ணு பண்ணுங்க. ஒரு நேர்ப்பலகையை டிரைவ்வேல குறுக்க வச்சு, சக்கரத் தடத்துல எவ்வளவு பள்ளம்னு அளங்க. ஓரத்துல ஒரே ஒரு பிளாக்கை மட்டும் தூக்கி, கீழே ஜல்லி இருக்கா, மண்ணு இருக்கான்னு பாருங்க. பார்த்துட்டு அளவை எனக்கு அனுப்புங்க, கேள்வி-பதில் எபிசோட்ல பேசுவோம்.